மெத்தை உறையா, ஏர் பியூரிஃபையரா? வேலூர் வீட்டுத் தும்மலுக்கு முதல் காசை எதில் போடுவது

எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தும்மல். மூக்கிலிருந்து தண்ணீர், கண்ணில் அரிப்பு. பத்து மணி வெயில் ஏறியதும் கொஞ்சம் அடங்கும், ராத்திரி படுத்தவுடன் மூக்கடைப்பு வந்துவிடும். காட்பாடியிலிருந்து பாகாயம் வரை இதற்கு எல்லாரும் வைத்திருக்கும் ஒரே பெயர் 'சைனஸ்'. பெரும்பாலான நேரம் இது சைனஸே இல்லை, மூக்கின் ஒவ்வாமைதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை போட்டுப் போட்டு அலுத்தவர்கள் ஒரு கட்டத்தில் வீட்டையே சரிசெய்துவிடலாம் என்று இறங்குகிறார்கள். அப்போது முதலில் வாங்குவது ஏர் பியூரிஃபையர். எங்கள் கணக்கில் அது நாலாவதாக வாங்க வேண்டிய பொருள். முதலில் வாங்க வேண்டியது மெத்தைக்கும் தலையணைக்கும் போடும் ஜிப் உறை. அதனால் இந்த மதிப்புரையில் பாதி உறையைப் பற்றித்தான்.

வீட்டுத் தூசியில் மூக்கை அதிகம் சீண்டுவது மண்ணோ சிமெண்டோ இல்லை. டஸ்ட் மைட் என்கிற தூசிப்பூச்சியின் எச்சம். பூச்சியின் நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர், வெறுங்கண்ணுக்குச் சிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரி முழுக்க நாம் படுத்து வியர்க்கும் மெத்தையைவிட வசதியான இடம் அதற்கு வேறில்லை. அதன் எச்ச உருண்டை 10 முதல் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரை இருக்கும், கனமான துகள். மெத்தையைத் தட்டினால் மேலே எழும்பி அரை மணி நேரத்துக்குள் மறுபடி படுக்கையிலேயே இறங்கிவிடும். அறை மூலையில் நிற்கும் மெஷின் அதை இழுப்பதற்குள் அது தலையணைக்குத் திரும்பியிருக்கும். மூக்கு இருப்பதோ அந்தத் தலையணைக்கு 2 அங்குலம் மேலே.

மெத்தை உறை

கடையில் 'மேட்ரஸ் புரொடெக்டர்' என்று கேட்டால், நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த, மேலே மட்டும் மூடும் வாட்டர்ப்ரூஃப் விரிப்பை எடுத்துக் காட்டுவார்கள். குழந்தை மூத்திரம் போனால் மெத்தையைக் காப்பாற்ற அது நல்ல பொருள். தும்மலுக்கு உதவாது. அடிப்பக்கமும் பக்கவாட்டும் திறந்தே இருப்பதால், படுத்து அழுத்தும் ஒவ்வொரு முறையும் மெத்தைக்குள் இருக்கும் காற்று தூசியோடு பக்கவாட்டில் வெளியே வரும். நமக்கு வேண்டியது ஆறு பக்கமும் மூடி ஜிப் போட்டு அடைக்கும் உறை. 'ஃபுல் என்கேஸ்மென்ட்', 'ஆறு பக்க ஜிப் கவர்' என்று சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது துணி. நூல்களுக்கு நடுவே இருக்கும் துளை 10 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் மைட் எச்சம் வெளியே வராது. வீட்டில் பூனை இருந்தால் 6 மைக்ரானுக்குக் கீழே வேண்டும், பூனையின் ஒவ்வாமைத் துகள் இன்னும் நுணுக்கமானது. பாக்கெட்டில் 'ஆன்டி மைட்', 'ஆன்டி பாக்டீரியா' என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும், துளை அளவு மைக்ரானில் இல்லையென்றால் அந்த எழுத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். மருந்து தோய்த்த துணியின் வீரியம் துவைக்கத் துவைக்கக் குறையும். நெருக்க நெய்த நெசவு பல வருஷம் நிற்கும். நெய்யாமல் அழுத்திச் செய்த துணி, அதாவது பைத்துணி மாதிரி இருப்பது, விலை குறைவு. ஆனால் அதன் இழைகளுக்குள்ளேயே செதிலும் பூச்சியும் தங்கிவிடும். ஆறு மாதத்தில் உறையே இன்னொரு மெத்தை ஆகிவிடும். வாங்காதீர்கள்.

வாங்கிய உறையை வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் ஒரு டீஸ்பூன் எடுத்து, தலையணை உறையின் ஒரு மூலையில் உள்பக்கமாகப் போடுங்கள். மூலையை முறுக்கிப் பிடித்து, கறுப்புச் சார்ட் பேப்பர் மேலே இருபது தடவை உதறுங்கள். சாதாரணப் பருத்தி உறை என்றால் மூன்றாவது உதறலிலேயே பேப்பர் வெளுத்துவிடும். நல்ல உறையில் பேப்பர் கறுப்பாகவே இருக்கும். சில உறைகளில் துணி தேறிவிடும், ஆனால் தையல் ஓடும் கோட்டில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். ஊசி போட்ட ஓட்டை வழியே பவுடர் வருகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையில் தோற்ற உறை தோற்றதுதான், திருப்பி அனுப்பலாம். தேறிய உறைக்கு ஓரளவு நம்பிக்கை வைக்கலாம், சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். துவைப்பதற்கு முன்னால் செய்யுங்கள், துவைத்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டார்கள்.

ஜிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பற்கள் முடியும் இடத்தில், ஸ்லைடர் போய் நிற்கிற கடைசி அரை அங்குலத்தில், சுண்டுவிரல் நுனி நுழைகிற ஓட்டை பல உறைகளில் இருக்கும். தினமும் அதன் வழியாகத்தான் தூசி வெளியே வரும். நல்ல தயாரிப்பில் அந்த இடத்தில் ஸ்லைடரை உள்ளே இழுத்துச் செருக ஒரு சின்னத் துணிப் பை தைத்திருப்பார்கள், ஜிப்பின் முழு நீளத்துக்கும் உள்பக்கம் ஒரு மடிப்புத் துணி ஓடும். அது இல்லாத உறையை வாங்கிவிட்டால், ஜிப்பை மூடி, முனையில் 2 அங்குல அகலத் துணி டேப்பை ஒட்டுங்கள். பேக்கிங்குக்கு ஒட்டும் பிளாஸ்டிக் டேப் வியர்வையில் ஒரு வாரத்தில் உரிந்துவிடும்.

அளவு எடுப்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். 75க்கு 60 அங்குலம், 78க்கு 72 அங்குலம் என்று நீள அகலம் மட்டும் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு, 8 அங்குல மெத்தைக்கு 6 அங்குல உறை வந்தால் ஜிப் பாதியில் நிற்கும். இழுத்துப் போட்டால் முதல் மாதமே பல் விடும். தேங்காய் நார் மெத்தையும் ஃபோம் மெத்தையும் தடிமன் சீராக இருப்பதால் சிக்கல் இல்லை. இலவம்பஞ்சு மெத்தை நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாக இருக்கும். மேட்டில் வைத்து அளந்து, அதோடு 1 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று பக்கம் ஜிப் திறக்கும் உறையாக இருந்தால் மெத்தையைத் தூக்காமல் மேலிருந்து போடலாம். ஒரு பக்க ஜிப் என்றால் இரண்டு பேர் வேண்டும்.

இப்போது வேலூர் வெயில். பிவிசி ரெக்சின் உறையும், அடியில் தடித்த பிளாஸ்டிக் ஒட்டிய உறையும் தூசியை நன்றாகவே தடுக்கும். ஆனால் ஏசி இல்லாத அறையில் மே மாதம் அதன்மேல் படுக்கவே முடியாது. முதுகு நனைந்து, புரளும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் வந்து, நாலாம் நாள் உறை பீரோவுக்குள் போய்விடும். இந்தப் பொருள் நம் ஊரில் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான். மேல்பூச்சு எதுவும் இல்லாமல் நெருக்க நெய்த மைக்ரோஃபைபர் உறை கொஞ்சம் விலை கூடுதல். ஆனால் காற்றும் ஆவியும் போகும், மேலே பருத்தி விரிப்பு ஒன்று போட்டால் வித்தியாசமே தெரியாது. உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு சிரமப்பட்டு மறுபக்கம் போனால் சரியான துணி. கொஞ்சமும் போகவில்லை என்றால் பிளாஸ்டிக். தாராளமாகப் போனால் சாதாரண விரிப்பு.

உறைபோட நல்ல காலம் கத்திரி. மே முதல் வாரம் தொடங்கி அந்த இருபத்தைந்து நாளில் மொட்டை மாடித் தளம் கொதிக்கும். மெத்தையைத் தளத்தின்மேல் நேராகப் போட்டு, காலை 10 முதல் 3 மணி வரை ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம் காயவிடுங்கள். மேல் அடுக்கில் பூச்சி சாகும், நடுவில் இருப்பது தப்பிக்கும். செத்த பூச்சியும் எச்சமும் அப்படியேதான் கிடக்கும், வெயில் அதை அழிக்காது. பிறகு எதற்கு இந்த வேலை என்றால், உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும். முழுக்க உலர்ந்த மெத்தையை அன்று சாயங்காலமே உறைக்குள் போட்டு மூடினால், மிச்சப் பூச்சிக்கு ஈரமும் இல்லை, புதிய தோல் செதிலும் இல்லை. ஐப்பசி மழையில் ஈரமான மெத்தையை மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடித்து வாடை வரும்.

உறை மட்டும் போட்டால் போதுமா? போதாது. 2003இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் மூக்கு ஒவ்வாமைக்காரர்களுக்கும் ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கும் இந்த உறையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கு ஒவ்வாமை ஆய்வில் படுக்கையில் மைட் அளவு நன்றாகக் குறைந்தும், நோயாளியின் தொல்லை போலி உறை (பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் தூசியைத் தடுக்காதது) போட்டவர்களைவிடக் குறையவில்லை. மாறாக, 2017இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், மைட் ஒவ்வாமை உறுதியான ஆஸ்துமாக் குழந்தைகளில் உறை போட்டவர்கள் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனது நூற்றுக்கு 29, போலி உறை போட்டவர்களில் நூற்றுக்கு 41. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: மைட்டுக்குத்தான் ஒவ்வாமை என்று ஸ்கின் பிரிக் டெஸ்டில் (கைத் தோலில் லேசாகக் குத்தித் தடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை) தெரிந்தவர்களுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, இது நல்ல செலவு. டெஸ்ட் எடுக்காமல், விரிப்பையும் துவைக்காமல், உறை ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்க முடியாது. டெஸ்டுக்குப் போகுமுன் தும்மல் மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். அதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கையில் ஒன்றும் தடிக்காமல் 'அலர்ஜி இல்லை' என்று தப்பாக வந்துவிடும்.

கையில் காசு குறைவு என்றால் மெத்தையை விட்டுவிடுங்கள், தலையணைக்கு மட்டும் வாங்குங்கள். மூக்கு இருப்பது அங்கேதான். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை உறைக்குள் போட்டுக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். ஐந்து வருஷம் ஆன தலையணையை ஜன்னல் வெயில் கோடாக விழும் இடத்தில் பிடித்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள், தையல் வழியே புகை மாதிரி எழும்புவது தெரியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தண்ணீரில் துவைக்கக்கூடிய பாலியஸ்டர் பஞ்சுத் தலையணை வாங்கி முதல் நாளே உறை போட்டுவிடுங்கள். இன்னொன்று, பங்குனி சித்திரையில் இலவங்காய் வெடித்துத் தெருவில் பறக்கும் பஞ்சைப் பார்த்துப் பலர் தும்மலுக்கு அதைக் காரணம் சொல்வார்கள். அது விதையைச் சுமக்கும் பஞ்சு, மகரந்தம் இல்லை. அதே சமயத்தில் காற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மற்றவைதான் வேலையைக் காட்டுகின்றன.

துவைப்பு

விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றும் வாரத்துக்கு ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் எச்சத்தைப் பெருமளவு கரைத்து எடுத்துவிடும், ஆனால் பூச்சி நூலைக் கவ்விக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷினில் உள்ளேயே ஹீட்டர் இருக்கும், 60 என்று வைத்தால் போதும். டாப் லோடில் பெரும்பாலும் ஹீட்டர் இருக்காது. அப்போது பக்கெட்டில்தான் செய்ய வேண்டும். பைப் தண்ணீர் 7 லிட்டர் முதலில் ஊற்றுங்கள், அதன்மேல் கொதிக்கும் தண்ணீர் 7 லிட்டர். 30 டிகிரித் தண்ணீரும் 100 டிகிரித் தண்ணீரும் சமமாகக் கலந்தால் 65 வரும். துணி உள்ளே போனதும் 60க்கு வந்து நிற்கும். மூடி 20 நிமிஷம் ஊறவைத்த பிறகு மெஷினில் போடலாம். கொதிநீரை முதலில் ஊற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீரைச் சேர்ப்பதில் தெறித்துக் கை பொசுங்கும் ஆபத்து உண்டு. குழந்தைகளைப் பின்கட்டுப் பக்கம் விடவே கூடாது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் ஒரு சிக்கல் வரும். மெஷின் ஹீட்டரில் வெள்ளையாகப் படிவு கட்டி, 60 என்று வைத்தாலும் தண்ணீர் சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும், கடைசியில் ஹீட்டரே போய்விடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணி போடாமல் டீஸ்கேலிங் பவுடர் மட்டும் போட்டு ஒரு ஓட்டம் விடுங்கள்.

குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடி பொம்மையை வெந்நீரில் போட்டால் கெட்டுவிடும். பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு முழு நாளுக்கு மேல் வைத்து, பிறகு சாதாரணத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். குளிர் பூச்சியைக் கொல்லும், அலசல் எச்சத்தை எடுக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பாதி வேலைதான்.

வாங்கும் பொருள்களுக்கு நடுவே நம் கோரைப்பாயையும் ஒரு போட்டியாளராகவே சேர்க்கிறோம். பூச்சி தங்க உள்ளே பஞ்சு கிடையாது. நனைத்த துணியால் துடைக்கலாம், அரை மணியில் உலரும், வெயிலில் நிமிர்த்தி வைக்கலாம். தரையை முதலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பாய், மேலே வாராவாரம் துவைத்த பருத்தி விரிப்பு, உறைபோட்ட தலையணை. கோடைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்த விலையிலும் இல்லை. ஈரப் பாயைச் சுருட்டிக் கதவு மூலையில் சாத்தினால் மட்டும் கறுப்புப் புள்ளி விழும், அது பூஞ்சணம். அப்படி விழுந்த பாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் சர்வீஸ்கள்

மெஷின் வைத்த வண்டியில் தெருவுக்கே வந்து பழைய பஞ்சை அடித்துப் புதுத் துணியில் மெத்தை தைத்துத் தருகிறவர்களின் வேலை நல்ல வேலைதான், மெத்தை மெத்தென்று திரும்பி வரும். ஒவ்வாமைக்காரர் வீட்டுக்கு அது சரிப்படாது. பஞ்சை அடிக்கும்போது பெரிய தூசி பறந்துவிடும், எச்சத்தின் பெரும்பகுதி பஞ்சோடு ஒட்டிப் புது உறைக்குள் போய்விடும். அடிப்பது வாசலில் என்றால் அன்று முழுக்க வீட்டுக்குள் அந்தத் தூசிதான். எப்படியும் செய்தாக வேண்டும் என்றால், வண்டியைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லி, தும்முகிறவரை அன்றைக்கு உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

போனில் புக் செய்தால் வந்து மெத்தையை 'டீப் கிளீனிங்' செய்யும் சர்வீஸ் வேலூரிலும் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் பக்கெட்டில் கறுப்புத் தண்ணீரைக் காட்டுவார்கள். அது அழுக்கு. அழுக்கு போனது உண்மை, பூச்சி போனதற்கு அது சாட்சி இல்லை. ஷாம்பூ போட்டு ஈரமாகச் செய்தால் ஃபோமின் உள்பக்கம் காய ஒரு முழுப் பகலாவது வேண்டும். கார்த்திகை மார்கழியில் செய்துகொண்டால் உள்ளே ஈரம் வாரக்கணக்கில் நிற்கும், அது மைட்டுக்கு விருந்து. யூவி விளக்கை மேலே ஓட்டுவதற்குத் தனிக் காசு கேட்பார்கள், ஒளி துணிக்குக் கீழே இறங்காது. அதை வேண்டாம் என்று சொல்லலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உங்க வேக்கம்ல ஹெப்பா ஃபில்டர் இருக்கா?" நுண்தூசியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. அது இல்லையென்றால் முன்பக்கம் இழுத்த நுண்தூசி பின்பக்கம் சூடான காற்றோடு அறைக்கே வந்துவிடும். இருக்கிறது என்றால், உறை போடுவதற்கு முந்தைய நாள் ஒரே ஒருமுறை உலர் வேக்கம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். உறை போட்ட மெத்தைக்கு இந்தச் சர்வீஸ் தேவையே இல்லை.

சொந்தமாக வேக்கம் கிளீனர் வாங்குவதைப் பற்றி: வெளிநாட்டு அறிவுரைகள் முழுக்கக் கம்பளத் தரையை வைத்து எழுதியவை. நம் வீட்டில் டைல்ஸ், மொசைக், ரெட் ஆக்சைடு. ஈரத்துணி போதும். காய்ந்த பூந்துடைப்பத்தால் பெருக்கித் தூசியைக் கிளப்பிவிட்டுப் பிறகு துடைப்பதை நிறுத்தினாலே நிறையக் குறையும். ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி உருவுங்கள், தூசி உறைக்குள்ளேயே விழும். பரணும் பீரோ மேற்பகுதியும் மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணி காண வேண்டும். ஆணியில் மாட்டிய பழைய சட்டைகள் படுக்கையறையில் வேண்டாம்.

ஈரமானி, ஏர் கூலர்

சுமார் 300 முதல் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானி இந்தப் பட்டியலில் இரண்டாவது இடம் பெறுகிறது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் மைட் வறண்டு சாகும். 60க்கு மேல் பெருகும். மலிவு மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா என்று பார்க்க, பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு ஈர மணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் அடைத்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மீட்டர் எப்போதும் 5 கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மீட்டரை ஏர் கூலர் ஓடும் அறையில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். வேலூரின் கோடை உலர்ந்த வெப்பம். மைட்டை ஒடுக்க இயற்கை கொடுத்த மூன்று மாதம் அது. அந்த மூன்று மாதமும் ஜன்னலை அடைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கூலர் ஓட்டினால், வெளியே 35 சதவீதம் இருக்கும்போது அறைக்குள் 70ஐத் தாண்டும். போதாததற்கு, தொட்டியில் நாள்பட்ட தண்ணீரும் புல் பேடும் பூஞ்சணம் வளர்க்கும். மாற்று வழி இல்லாதவர்கள் எதிர் ஜன்னலைக் கை அகலத்துக்குத் திறந்து வையுங்கள், தண்ணீரைத் தினமும் கொட்டுங்கள், புல் பேடை ஒவ்வொரு கோடைக்கும் புதிதாகப் போடுங்கள், காலையில் பம்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் அரை மணி ஓட்டி பேடைக் காயவிடுங்கள். தும்மல்காரர் இருக்கும் வீட்டில் கூலருக்குச் செலவிடும் காசைச் சேர்த்து வைத்து ஏசிக்குப் போவது நல்லது. ஏசி ஈரத்தை எடுக்கும். அதன் வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயில் கழுவினால் போதும்.

ஏர் பியூரிஃபையர்

மோசமான பொருள் என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் வேலை மிதக்கும் துகளைப் பிடிப்பது: வண்டிப் புகை, குவாரித் தூசி, ஊதுபத்திப் புகை, உள்ளே வந்த மகரந்தம். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு, பக்கத்து மனை முழுக்கப் பார்த்தீனியம் மண்டிய வீடு, பாலாற்றுக் கரையில் வேலிக்காத்தான் காட்டை ஒட்டிய வீடு என்றால் பலன் தெரியும். அதுவும் கதவு ஜன்னல் மூடிய அறையில் மட்டும். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினால் தெருவைச் சுத்தம் செய்கிற கதைதான்.

அளவுக்கு ஒரு கணக்கு. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 1200 கன அடி, சுமார் 34 கன மீட்டர். மணிக்கு 5 முறை காற்று மாற வேண்டும், 34ஐ 5ஆல் பெருக்கினால் 170. பெட்டியில் சிஏடிஆர் என்று போட்டிருக்கும் எண், மெஷின் மணிக்கு இத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பதே. ஆனால் அந்த எண் அதிக வேகத்தில் எடுத்தது. அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது, ராத்திரி குறைந்த வேகத்தில் வைத்தால் பாதிகூட வராது. ஆகவே இந்த அறைக்கு 300 உள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். ஃபில்டரின் தரம் எச்13 ஹெப்பா என்று தெளிவாக இருக்க வேண்டும், 'ஹெப்பா டைப்' என்றால் வேண்டாம். காற்றில் மின்னேற்றிய துகளை விடும் அயனைசர் இருந்தால் அதை அணைக்கத் தனிப் பட்டன் இருக்கிறதா பாருங்கள், சில மெஷின்களில் அது ஓசோன் விடும், ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும். வாங்கும் முன் மாற்று ஃபில்டரின் விலையைக் கேளுங்கள். நம் ஊர்த் தூசிக்கு வெளி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டிக் கழுவாவிட்டால் உள் ஃபில்டர் சீக்கிரம் அடைந்துவிடும். உள் ஃபில்டரைக் கழுவவே கூடாது, நனைந்தால் வீண். ஊதுபத்தியையும் கொசுவத்தியையும் படுக்கையறையிலிருந்து வெளியேற்றிவிட்டு, கொசுவலை கட்டிப் பாருங்கள். மெஷினுக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

கரப்பான் பூச்சியும் ஒவ்வாமைக்கு ஒரு பெரிய காரணம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஸ்பிரே அடிக்காமல் ஜெல் மருந்தை உளுந்து அளவுப் புள்ளியாகக் கப்போர்டு கீல், சிங்க் அடி, ஃப்ரிட்ஜ் பின்புறம் வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அதைத் தொடாது. செத்தது ஒழிந்த பிறகு அலமாரிகளைச் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும், அதன் உலர்ந்த கழிவும் மூக்கைச் சீண்டும்.

மூக்கு கழுவும் பாட்டில்

கடைசியில் எழுதினாலும் பட்டியலில் இதற்கு மூன்றாவது இடம், செலவில் மிகக் குறைவு. அமுக்கிப் பீய்ச்சும் 240 மில்லி பாட்டிலும் உப்புப் பாக்கெட்டும் பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. பாக்கெட் தீர்ந்தால் வீட்டிலேயே கலக்கலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு 9 கிராம், தட்டையாக வழித்த ஒன்றரை டீஸ்பூன், கூடவே சமையல் சோடா அரை டீஸ்பூன். உப்பு குறைந்தால் குளத்தில் மூக்கில் தண்ணீர் ஏறியது போல் சுரீரென்று எரியும். எரிகிறது என்று பயந்து உப்பை இன்னும் குறைப்பவர்கள் நிறையப் பேர். கூட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் சமரசமே கூடாது. குழாய்த் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ நேரடியாக மூக்கில் விடக் கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறும். தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதித்து ஆறி, வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் மட்டும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயைத் திறந்து 'ஆ' என்று மூச்சுவிட்டபடி ஒரு நாசியில் பாதிப் பாட்டிலை மெல்ல அமுக்குங்கள், மறுநாசியிலோ வாயிலோ வரும். வேகமாக அமுக்கினால் காது அடைக்கும். காது வலி இருக்கும்போது செய்யக் கூடாது. டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்திருந்தால், கழுவிப் பத்து நிமிஷம் கழித்து, வலது கையால் இடது நாசியிலும் இடது கையால் வலது நாசியிலும், நடுச்சுவரை நோக்காமல் வெளிப்பக்கம் பார்த்து அடியுங்கள். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். அந்த ஸ்பிரேயின் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், இரண்டாம் நாளே விட்டுவிடக் கூடாது. உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு ரகம். அதை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். மூச்சு இளைப்பு இருந்தாலோ, ஒரு பக்க மூக்கு மட்டும் எப்போதும் அடைத்திருந்தாலோ, மூக்கிலிருந்து ரத்தம் வந்தாலோ எந்தப் பொருளும் வாங்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பாட்டிலை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காயவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றிவிடுங்கள்.